மாலத்தீவில் கயிற்று நாற்காலியில் ஆறு நாட்கள்

கேள்வி: தனியாக ஒரு தீவு நாட்டுக்குச் சென்று, அங்குள்ளவர்களின் அன்றாட வாழ்க்கையையும் பழக்கவழக்கங்களையும் அருகிலிருந்து பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. நான் சென்றது மாலத்தீவுக்கு. தேனிலவுக்குப் போகிற ஊருக்குத் தனியாகவா என்று அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த நாடு தேனிலவு வழியாக அறிமுகமானதன்று. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் நான். பழைய துறைமுகத்தில் வெங்காய மூட்டைகளையும் காய்கறிகளையும் கட்டுமானச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவின் மாலேக்குப் புறப்படும் தோணிகளைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அந்த வெங்காயத்தை அக்கரையில் யார், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது.

அங்கே முதல் உல்லாச விடுதி 1972இல் திறக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள், ஆளில்லாத தீவு ஒன்றுக்கு ஒரு விடுதி என்ற முறையிலேயே சுற்றுலா நடந்ததால், வந்துபோனவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க் குடும்பம் ஒன்றைக்கூடப் பார்க்காமலேயே திரும்பியிருப்பார்கள். சுமார் 1,200 தீவுகளில் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. அவற்றில் சிறிய தங்கும் விடுதிகள் பரவலாகத் திறக்கப்பட்டது 2009, 2010 வாக்கில் விதிகள் தளர்ந்த பிறகுதான். எனவே இந்த ஊரை ஊராகப் பார்க்க விரும்புபவர்கள், விளம்பரப் படங்களில் வரும் தண்ணீர் மேல் குடில்களை மறந்துவிட்டு, பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் உள்ள ஒரு தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது, தலைநகர் மாலேயிலிருந்து பொதுப் படகில் தெற்கே செல்லும் வழியில் உள்ள குரைதூ.

இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கிறது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். மதுவையும் பன்றி இறைச்சியையும் போலவே வழிபாட்டுச் சிலைகளும் உள்ளே கொண்டுசெல்லக் கூடாத பொருட்கள் என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னப் பிள்ளையாரை நான் வீட்டிலேயே விட்டுச் சென்றேன்.

குரைதூவில் முதல் நாள் மாலையே எனக்கு வேலை ஒன்றும் இல்லாமல் போயிற்று. தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர அதிக நேரம் ஆகவில்லை. அப்போதுதான் ஜோலி எனப்படும் கயிற்று நாற்காலியைக் கண்டேன். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் மூன்று நான்கு இருக்கைகளை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றிலும் கயிற்று வலையைத் தொங்கவிட்டிருப்பார்கள். உட்கார்ந்தால் உடம்பு பாதி புதைந்துவிடும், எழுந்திருக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வீட்டு வாசலிலும் மரத்தடியிலும் படகுத்துறையிலும் அது இல்லாத இடமே இல்லை. வெயில் தாழ்ந்ததும் ஊர் முழுவதும் அதில்தான் அமர்ந்திருக்கும். நான் தங்கிய வீட்டுக்கார அம்மா என்னை ஒன்றில் உட்காரவைத்து, கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் எத்தனை, ஏன் தனியாக வந்தாய் என்று நம் ஊர் வரிசை மாறாமல் கேட்டு முடித்தார். அவரை எல்லோரும் 'தஹ்தா' என்று அழைத்தார்கள். அந்நாட்டு மொழியான திவேஹியில் அதற்கு அக்கா என்று பொருள். என் காதில் அது ஒவ்வொரு முறையும் தாத்தா என்றே விழுந்ததால் முதல் இரண்டு நாட்கள் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. பிறகுதான், நம் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா, லாத்தா என்று அழைப்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் விடியற்காலையில் ஒரு சரசரப்புச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். தெருவின் வெள்ளை மணலைப் பெண்கள் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரைப் போலவே தென்னை ஈர்க்கால் கட்டிய விளக்குமாறுதான். அவரவர் வாசலோடு நிறுத்திக்கொள்ளாமல், பக்கத்து வீட்டார் பெருக்கிவரும் இடம் வரை சென்று முடிக்கிறார்கள். விளக்குமாறு போன வழியெல்லாம் மணலில் விசிறி விசிறியாகக் கோடுகள் விழுந்திருக்க, அதன்மேல் முதல் ஆளாக நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கோலம் போட்ட வாசலை மிதிப்பதைப் போன்ற கூச்சம் என்றால் உங்களுக்குப் புரியும்.

பொழுது அங்கே தொழுகை நேரங்களை ஒட்டியே நகர்கிறது. பாங்கு ஒலித்ததும் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். சிறிது நேரம் கழித்துத்தான் வருவார், அவசரப்பட்டுப் பயனில்லை. இரவில் ஏதோ ஒன்று குறைகிறதே என்று இரண்டு நாட்கள் யோசித்து, மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன்: நாய்களே இல்லை. நாய் வளர்க்க அந்த நாட்டில் அனுமதி கிடையாது. குரைதூ என்ற பெயருள்ள தீவில் குரைப்பதற்கு ஒரு நாய்கூட இல்லை என்ற என் நகைச்சுவையைப் பகிர்ந்துகொள்ளத் தமிழர் யாரும் பக்கத்தில் இல்லாததுதான் தனிப்பயணத்தில் நான் பட்ட ஒரே மனக்குறை.

தேநீர்க் கடை முன்பு ஆண்களே புழங்கிய இடமாம். இப்போது பெண்களும் வருகிறார்கள். நான் நுழைந்தபோது நான்கு தலைகள் திரும்பின, பிறகு தொலைக்காட்சிப் பக்கமே போய்விட்டன. கேட்காமலேயே ஐந்தாறு சிறு தட்டுகளை மேசையில் வைத்தார்கள்: மீன் பூரணம் வைத்த முக்கோணப் பஜியா, உருண்டையான குல்ஹா, சதுரமாக வெட்டிய காரக் கேக். எல்லாவற்றையும் தின்ன வேண்டியதில்லை. எடுத்ததை எண்ணிப் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் நான் தேடிப்போன பதில் காலைச் சிற்றுண்டியில்தான் கிடைத்தது. சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவலும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கையாலேயே பிசைவது மஸ் ஹுனி. சப்பாத்தி போன்ற மெல்லிய ரொஷியோடும் இனிப்பான கறுப்புத் தேநீரோடும் சாப்பிடுவது. வெங்காயத்தை உப்பும் எலுமிச்சையும் சேர்த்து முதலில் நன்றாகக் கசக்கிவிட வேண்டும், மீன் கடைசியில்தான் என்று தஹ்தா செய்துகாட்டினார். அது எங்கள் ஊர்த் தோணியில் வந்த வெங்காயமா என்று கேட்டேன். கடையில் வாங்கியது என்றார்.

துறையில் ஒரு மீனவர் காட்டிய தூண்டில் முள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாம் பயன்படுத்தும் முள்ளில், கடித்த மீன் நழுவாதிருக்கப் பின்னோக்கி ஒரு சிறு முனை இருக்கும். அவர் காட்டியதில் அது இல்லை. சூரைக் கூட்டத்தைக் கண்டதும் உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசி, மேலே தண்ணீரைத் தூவி, மீன்கள் வெறிகொண்டு மேலெழும்போது நீண்ட கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைக்குப் பின்னால் எறிவார்களாம். முனை இல்லாததால் கயிறு தளர்ந்த கணமே மீன் தானாகக் கழன்று படகில் விழ, தூண்டில் உடனே கடலுக்குத் திரும்பிவிடும். வலைபோட்டுச் சூரை பிடிக்க அங்கே தடை இருக்கிறது. அவர்களுடைய படகின் பெயர் தோனி. எங்கள் தோணியைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. மாலேயில் பார்த்திருக்கிறேன், மிகவும் மெதுவாக வரும் என்றார்.

ஒரு பிழையும் செய்தேன். வெள்ளிக்கிழமை திரும்புவதாகத் திட்டமிட்டிருந்தேன். வெள்ளியன்று பொதுப் படகு ஓடாது என்பதை வியாழன் இரவுதான் தெரிந்துகொண்டேன். விரைவுப் படகுக்குப் பல மடங்கு பணம் கொடுக்க மனமில்லாமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதில், ஜும்மா தொழுகைக்காக ஊரே ஓய்ந்து கிடந்ததையும், மாலையில் புதுச்சட்டை அணிந்த குழந்தைகள் துறையில் கூடியதையும் பார்க்க முடிந்தது. உங்கள் திட்டத்தில் வெள்ளிக்கிழமையை நகராத நாளாகவே குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் தோளும் முழங்காலும் மறைய உடுத்துவது நல்லது. நீச்சல் உடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டுமே.

மாலேயில் 1658இல் பவளக்கல்லால் கட்டிய பழைய ஜும்மா பள்ளிவாசலின் மயானத்தில், தலைப்பகுதி கூரான கற்கள் ஆண்களுக்கும் வளைவானவை பெண்களுக்கும் நடப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நேரே சந்தைக்குச் சென்றேன். சூரையை அவித்து, புகையில் காட்டி, வெயிலில் விறகாகக் காயவைப்பதை அவர்கள் ஹிகிமஸ் என்கிறார்கள். நம் வீட்டு மாசிக் கருவாடுதான். ஒரு கிலோ வாங்கினேன். ஊர் திரும்பியதும் அம்மா அதில் இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, மரம் மோதுவதைப் போல டக்கென்று சத்தம் வந்ததும், "காய்ந்த மாசிதான், ஏமாறவில்லை" என்று சொல்லிவிட்டு, பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் சம்பலுக்கு இடிக்க எடுத்துச் சென்றுவிட்டார்.