பந்தயமும் புள்ளிவிவரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிரிக்கெட், கால்பந்து இரண்டையும் பல ஆண்டுகளாகக் கூர்ந்து கவனித்து வருகிறேன். புள்ளிவிவரத் தளங்களை அலசி, எந்த அணி வெல்லும் என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுகிறேன். இருந்தும் பந்தயத்தில் பணம் கையில் நிற்பதில்லையே, ஏன்?

பதில்: வெல்லப்போகும் அணியைச் சொல்வது வேறு, பந்தயத்தில் பணம் ஈட்டுவது வேறு. பலமான அணி பலவீனமான அணியை வீழ்த்தும் என்பது பந்தய நிறுவனத்துக்கும் தெரியும். ஆகவேதான் அந்த அணிக்கு 1.25 என்று சிறிய விகிதத்தை வைக்கிறது; அதாவது ஒரு ரூபாய் கட்டி வென்றால், கட்டியதும் சேர்த்து 1.25 ரூபாய்தான் திரும்பும். ஒன்றை 1.25 ஆல் வகுத்தால் 0.80. அதாவது, இத்தகைய 100 ஆட்டங்களில் 80 முறை உங்கள் கணிப்பு பலித்தால்தான் போட்ட பணம் போட்டபடி திரும்பும். 78 முறை சரியாகச் சொன்னால் நண்பர்கள் மெச்சுவார்கள், பணமோ கரைந்துகொண்டிருக்கும்.

இதோடு நிறுவனத்தின் கழிவும் சேர்ந்துகொள்கிறது. சமபலம் கொண்ட இரு அணிகள் மோதினால் நியாயமான விகிதம் இரு பக்கமும் 2.00 ஆக இருக்க வேண்டும். நடைமுறையில் இரு பக்கமும் 1.90 போலத்தான் கிடைக்கும். 1.90 குறிக்கும் நிகழ்தகவு 52.63 சதவீதம், இரண்டையும் கூட்டினால் 105.26 வருகிறது. நூறைத் தாண்டி நிற்கும் அந்த 5.26 தான் அவர்கள் கடை நடத்தும் செலவும் லாபமும். ஆகவே தரவுத்தளத்தைத் திறக்கும்போது உங்கள் கணக்கில் வரும் நிகழ்தகவை விகிதம் காட்டும் நிகழ்தகவோடு ஒப்பிட்டாக வேண்டும். நீங்கள் படிக்கும் அதே பக்கத்தை நிறுவனத்தின் ஆய்வாளர்களும் படித்திருக்கிறார்கள். கட்டணம் செலுத்திப் பெறும் தரவுகள் அவர்களிடம் கூடுதலாகவும் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த புள்ளிவிவரம் விலைக்குள், அதாவது நிறுவனம் தரும் விகிதத்துக்குள், ஏற்கெனவே போய்விட்ட ஒன்று என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தளங்களில் நம்பத்தக்கவை எவை?

பதில்: கிரிக்கெட்டில் ஒரு வீரரின் சாதனையை ஆண்டு, மைதானம், எதிரணி எனப் பிரித்துத் தேட இஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோவின் ஸ்டாட்ஸ்குரு போதுமானது. பந்துக்குப் பந்து விவரத்தைக் கோப்பாகவே இறக்கிக்கொண்டு சொந்தமாகக் கணக்கிட விரும்புவோருக்கு கிரிக்ஷீட் இருக்கிறது. பேஸ்பாலில், 1989 இல் தொடங்கப்பட்ட ரெட்ரோஷீட் அமைப்பு பழைய ஆட்டங்களின் ஸ்கோர் தாள்களைத் தேடித்தேடிச் சேர்த்துவருகிறது. விளையாட்டுத் தரவு சேகரிப்பில் அதற்கு இணையான உழைப்பு அரிது என்பது என் எண்ணம். கால்பந்துக்கு ஃபுட்பால்-டேட்டா தளத்தில் முடிவுகளோடு பல நிறுவனங்களின் பந்தய விகிதங்களும் ஒரே கோப்பில் கிடைக்கின்றன. விலை இல்லாமல் முடிவுகளை மட்டும் தரும் தரவைக்கொண்டு விளையாட்டை ரசிக்கலாமே தவிர, பந்தயத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது.

கேள்வி: ‘இந்த மைதானத்தில் இரு அணிகளும் மோதிய 12 ஆட்டங்களில் 9 ஐ இந்த அணியே வென்றுள்ளது’ என்பது போன்ற செய்திகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்?

பதில்: மிகக் குறைவாக. அந்த 12 ஆட்டங்கள் பல ஆண்டுகளில் பரவிக் கிடக்கும். முதல் ஆட்டத்தில் ஆடியவர்களில் இன்று களமிறங்குபவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அணியின் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. விதிகளும் மாறுகின்றன. 2011 அக்டோபர் முதல் ஒருநாள் ஆட்டங்களில் முனைக்கு ஒன்றாக இரண்டு புதுப் பந்துகள் வந்ததால், பழைய பந்தில் கிடைக்கும் ரிவர்ஸ் ஸ்விங் குறைந்தது. ஐபிஎல்லில் 2023 இல் ஆட்டத்தின் நடுவே ஒரு வீரருக்குப் பதில் இன்னொருவரை இறக்கலாம் என்ற ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி வந்தபின், கூடுதலாக ஒரு மட்டையாளர் இருக்கும் துணிச்சலில் அணிகள் அடித்து ஆடத் தொடங்கின. இந்த விதி மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் நடந்த ஆட்டங்களைக் கலந்து சராசரி எடுத்தால், எந்தக் காலத்துக்கும் பொருந்தாத ஓர் எண்தான் கிடைக்கும். 2020 இல் ரசிகர்கள் இல்லாத அரங்குகளில் ஆடப்பட்ட கால்பந்துக்கும் இது பொருந்தும்; ஜெர்மனியின் புண்டஸ்லிகா மே மாதம் மீண்டும் தொடங்கியபோது, சொந்த மைதானத்தில் ஆடுவதன் அனுகூலம் வெகுவாகக் குறைந்துபோனது.

ஒரு மட்டையாளர் ஒரு பந்துவீச்சாளரின் 18 பந்துகளைச் சந்தித்து 3 முறை ஆட்டமிழந்தார் என்று திரையில் காட்டுவதும் இந்த ரகம்தான். பேச்சுக்குச் சுவை கூட்டுமே ஒழிய, பணம் வைக்கும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை.

கேள்வி: சராசரி கோல் எண்ணிக்கையிலிருந்து 0, 1, 2 என ஒவ்வொரு கோல் எண்ணிக்கைக்கும் உள்ள வாய்ப்பைத் தரும் பாய்சான் பரவலை வைத்து எக்செலில் கால்பந்துக் கணிப்பு ஒன்றைத் தயாரித்திருக்கிறேன். கடந்த பருவங்களின் ஆட்டங்களில் ஓட்டிப் பார்த்தால் 18 சதவீத லாபம் காட்டுகிறது. இதை நம்பி இறங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முறையில் பிழையில்லை, 1982 இல் புள்ளியியல் ஆய்வாளர் மேஹர் இந்த வழியில்தான் கோல்களைக் கணித்தார். சொந்த அணிக்கு 1.5 கோல், வந்த அணிக்கு 1.0 கோல் எதிர்பார்க்கிறோம் என்று கொள்வோம். இந்தச் சூத்திரப்படி 1–0 என்ற முடிவுக்கும் 1–1 என்ற முடிவுக்கும் ஏறக்குறைய 12.3 சதவீதம் என ஒரே வாய்ப்பு வரும். 0–0 க்கு 8.2 வரும். உண்மை ஆட்டங்களில் குறைந்த கோல் சமநிலைகள் இந்தச் சூத்திரம் சொல்வதைவிடச் சற்று அதிகம் என்பதைக் கவனித்த டிக்சன், கோல்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1997 இல் அதற்கென ஒரு திருத்தத்தைச் சேர்த்தார்கள். உங்கள் தாளில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எனினும் 18 சதவீதம் என்பதே என்னைச் சந்தேகிக்க வைக்கிறது. முழுநேரமாக இத்தொழிலில் இருப்பவர்கள் நீண்ட காலத்தில் இரண்டு, மூன்று சதவீதத்துக்கே திணறுவார்கள். இவ்வளவு பெரிய லாபம் வந்தால் மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும். அணியின் பலத்தை எந்தத் தேதி வரையிலான ஆட்டங்களிலிருந்து கணக்கிட்டீர்கள்? பருவம் முழுவதற்குமான சராசரியை எடுத்து அதே பருவத்தின் அக்டோபர் ஆட்டத்தைக் கணித்திருந்தால், விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே தேர்வு எழுதியிருக்கிறீர்கள். அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடம் இது. எக்செலில் ஒரு நெடுவரிசையின் மொத்தத்துக்கும் சராசரி எடுக்கும் ஒற்றைச் சூத்திரத்தில் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாமல் நுழைந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் அதற்கு முந்தைய வரிகளை மட்டுமே கணக்கில் எடுக்கும்படி அதை மாற்றி எழுதுங்கள். லாபத்தில் பெரும்பகுதி அப்போதே மறைந்துவிட வாய்ப்புண்டு.

அடுத்து, எந்த விலையில் வென்றதாகக் கணக்கிட்டீர்கள்? கோப்புகளில் ‘அதிகபட்ச விகிதம்’ என்றொரு நெடுவரிசை இருக்கும். பத்துப் பதினைந்து நிறுவனங்களில் ஏதோ ஒன்று ஏதோ ஒரு நேரத்தில் கொடுத்த விலை அது. உங்களுக்கு அது கிடைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சராசரி விகிதத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, எத்தனை வடிகட்டிகளைப் போட்டுப் பார்த்தீர்கள்? மழைநாள், ஞாயிற்றுக்கிழமை, தோல்விக்குப் பிந்தைய ஆட்டம் என்று 20 நிபந்தனைகளைச் சோதித்தால், எதற்கும் பொருளில்லாவிட்டாலும், தற்செயலாக நேர 5 சதவீத வாய்ப்பே உள்ளதை ‘உண்மை’ என ஏற்கும் அளவுகோலில் ஒன்றாவது தற்செயலாக ‘வெற்றிச் சூத்திரம்’ போலத் தோன்றுவது இயல்பு. பழைய பருவங்களில் சூத்திரத்தை இறுதி செய்துவிட்டு, தொடாமல் வைத்திருக்கும் ஒரு பருவத்தில் ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்று சூத்திரத்தைத் திருத்தி மீண்டும் ஓட்டினால், அந்தப் பருவமும் பழையதாகிவிடும்.

கேள்வி: தரவை வைத்து உண்மையிலேயே வென்றவர் யாராவது உண்டா?

பதில்: உண்டு. ஹாங்காங் குதிரைப் பந்தயத்தில் 1980களில் இருந்து கணினி மாதிரியைக் கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டிய பில் பென்டரைச் சொல்லலாம். 1994 இல் வெளியான தம் கட்டுரையில், தமது மாதிரியின் கணிப்போடு மக்கள் பணம் போட்ட விகிதத்தையும் சேர்த்தே இறுதி நிகழ்தகவைக் கணித்ததாக அவர் விளக்கியிருக்கிறார். சந்தை விலையிலேயே மதிப்புள்ள தகவல் இருக்கிறது என்ற பணிவு அந்த முறைக்குள் இருக்கிறது. அங்கு நடப்பது பொதுத்தொகைப் பந்தயம்; பந்தயக்காரர்களின் பணம் ஒன்றாகச் சேர்ந்து, கழிவு போக, வென்றவர்களிடையே பிரிகிறது. யார் வென்றாலும் நடத்துபவருக்கு நட்டமில்லை.

நிலையான விகிதம் தரும் நிறுவனங்களின் கதை வேறு. கவுனிட்ஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், பல நிறுவனங்களின் சராசரி விலையிலிருந்து விலகி நிற்கும் விகிதங்களை மட்டும் பிடித்து லாபம் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே அவர்களின் கணக்குகளுக்கு நிறுவனங்கள் வரம்பு விதித்துவிட்டன. தோற்பவருக்குத் திறந்திருக்கும் கதவு, வெல்பவருக்கு மெதுவாகச் சாத்தப்படுகிறது.

கேள்வி: டெலிகிராம் குழு ஒன்றில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களைச் சரியாகச் சொன்னார்கள். ஆறாவதற்குக் கட்டணம் கேட்கிறார்கள். அவர்களிடம் தரவு இருக்குமோ?

பதில்: உங்களைப் போன்றோரின் தொலைபேசி எண்கள் இருக்கும். 1,024 பேரில் பாதிப் பேருக்கு ஓர் அணியையும் மறுபாதிக்கு எதிரணியையும் சொல்லி, தவறான செய்தி போனவர்களை ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டால், ஐந்து ஆட்டங்களின் முடிவில் 32 பேர் எஞ்சுவர். அந்த 32 பேரின் கண்ணுக்குக் குழு நடத்துபவர் ஒருமுறைகூடத் தவறாதவர். கட்டணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஆட்டம் நடக்கும்போதே பந்தயம் கட்டினால், நேரலைப் புள்ளிவிவரம் கைகொடுக்குமா?

பதில்: கொடுக்காது. உங்கள் திரைக்கு வரும் காட்சி சில விநாடிகளாவது தாமதமானது. மைதானத்திலிருந்து நேரடியாகத் தரவு பெறும் நிறுவனம் அதற்குள் விலையை மாற்றியிருக்கும், அல்லது பந்தயத்தை நிறுத்தி வைத்திருக்கும்.

கேள்வி: 1.90 விகிதத்தில் நான் கட்டிய 100 பந்தயங்களில் 57 வெற்றி. இனித் தொகையைக் கூட்டலாமா?

பதில்: நாணயத்தைச் சுண்டியே பந்தயம் கட்டும் ஒருவருக்கும் 100 இல் 57 அல்லது அதற்கு மேல் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. எனவே திறமையா அதிர்ஷ்டமா என்று இந்த அளவில் பிரித்தறிய முடியாது. தொகையை நிர்ணயிக்க, 1956 இல் ஜான் கெல்லி வகுத்த சூத்திரத்தைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் உண்மையான வெற்றி வாய்ப்பு 55 சதவீதம் என்றால், 1.90 விகிதத்தில் கையிருப்பில் 5 சதவீதத்தைக் கட்டச் சொல்லும் அந்தச் சூத்திரம், வாய்ப்பு 52 தான் என்றால் ஒரு காசும் கட்டாதே என்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள மூன்று சதவீத வித்தியாசத்தை 100 பந்தயங்களை வைத்து அறிய வழியில்லை.

வெற்றி தோல்வியை எண்ணுவதைவிட வேகமாக உண்மையைச் சொல்லும் அளவு ஒன்று உண்டு. நீங்கள் வாங்கிய விகிதத்தையும் ஆட்டம் தொடங்கும் தறுவாயில் இருந்த இறுதி விகிதத்தையும் அருகருகே குறித்துவாருங்கள். நீங்கள் 1.90 இல் வாங்கியது பெரும்பாலும் 1.80 இல் முடிந்தால் உங்கள் ஆய்வில் ஏதோ இருக்கிறது. 2.00 இல் முடிந்துகொண்டே இருந்தால், அந்த 57 ஐ மறந்துவிடுங்கள்.

கேள்வி: என் தம்பி இரவெல்லாம் இணையத்தில் புள்ளிவிவரம் திரட்டுகிறான். ‘இது சூதாட்டம் அல்ல, ஆராய்ச்சி’ என்கிறான். எப்படிப் பேசுவது?

பதில்: இணையப் பந்தயம் உங்கள் நாட்டில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள், தடை இருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை. அனுமதி உண்டென்றால், வாதாடாமல் பதிவேட்டைக் கேளுங்கள். தேதி, கட்டிய தொகை, வாங்கிய விகிதம், இறுதி விகிதம், முடிவு ஆகியவை ஒரு பந்தயமும் விடுபடாமல் அதில் இருக்க வேண்டும். ஆராய்ச்சி செய்பவரிடம் இது கட்டாயம் இருக்கும். வென்ற நாட்களின் படங்கள் மட்டுமே உங்கள் தம்பியிடம் இருந்தாலோ, இழந்ததை மீட்கத் தொகையைக் கூட்டினாலோ, கடன் வாங்கினாலோ, கேட்டால் மறைத்தாலோ, அது வேறு விஷயம். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் தயக்கம் தேவையில்லை. அதுவரை அவருடைய கடனை அடைக்க வேண்டிய நிலை வந்தாலும் பணத்தை அவர் கையில் தராமல் கடன் கொடுத்தவரிடமே நேராகக் கட்டுங்கள். தாமே முன்வந்து கணக்கை முடக்கிக்கொள்ளும் வசதியைப் பந்தயத் தளம் தருகிறது என்றால், அவரை அருகில் வைத்துக்கொண்டு அன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள்.