மதுரைக் கிளையில் ரிட் போடுகிற மாதிரி இலங்கையில் போடலாமா?

கேள்வி: என் அக்கா கல்யாணமாகித் திருகோணமலையில் இருக்கிறார், இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். அத்தான் இலங்கைக் குடிமகன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஏதோ திருட்டு விசாரணை என்று போலீஸ் அவரை அழைத்துப் போனது. இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் வைத்து அடித்துவிட்டு, வழக்கு எதுவும் போடாமல் அனுப்பிவிட்டார்கள். இங்கே என்றால் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் போட்டிருப்போம். அங்கேயும் அதே வழிதானா? அவருக்குப் பதிலாக அக்காவோ நானோ மனு போடலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் காலண்டரைப் பாருங்கள். மூன்று வாரம் போய்விட்டது என்கிறீர்கள். இலங்கையில் இதற்கு ரிட் இல்லை, ‘அடிப்படை உரிமை மனு’தான் வழி. அதற்குக் கெடு ஒரே ஒரு மாதம். அதுவும் ஏதோ ஒரு விதியில் இல்லை, அரசியலமைப்பின் 126-வது உறுப்புரையிலேயே (நாம் பிரிவு என்பதை அங்கே உறுப்புரை என்பார்கள்) எழுதியிருக்கிறது. ஹைகோர்ட்டுக்கு ரிட் அதிகாரம் தரும் நம் அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவில் அப்படி நாள் கணக்கு கிடையாது. தாமதமாகப் போனால் நீதிபதி ஏன் என்று கேட்பார், காரணம் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்வார். அந்தப் பழக்கத்தில் அங்கே இருந்துவிட்டால் கதவு சாத்திவிடும். தன் கையில் இல்லாத காரணத்தால் வர முடியாமல் போனவர்களுக்கு அங்குள்ள நீதிமன்றம் சில வழக்குகளில் தளர்வு கொடுத்திருக்கிறது. ஆனால் வெளியே வந்து வீட்டில் இருக்கும் மனிதர் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்தது, எந்த நீதிமன்றம். இதில் தமிழே நம்மைக் குழப்பிவிடும். கொழும்புப் பத்திரிகையில் ‘உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு’ என்று படித்தால், ‘சரி, ஹைகோர்ட்’ என்று நாம் நினைத்துக்கொள்வோம். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் சுப்ரீம் கோர்ட். ஆங்கிலத்தில் ஹைகோர்ட் என்று பெயருள்ள அவர்கள் நீதிமன்றத்தை மேல் நீதிமன்றம் என்பார்கள். முதல் தடவை நானும் ஏமாந்திருக்கிறேன். அடிப்படை உரிமை மனுவைக் கேட்கும் அதிகாரம் கொழும்பு புதுக்கடையில் இருக்கும் அந்த உயர் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். திருகோணமலையில் நடந்தாலும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். அங்கே தோற்றால் அப்பீல் கிடையாது. இங்கே தனி நீதிபதி, டிவிஷன் பெஞ்ச், அப்புறம் டெல்லி என்று படிகள் இருக்கின்றன. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது. உரிமைப் பட்டியலை வைத்துப் பார்த்தால் இரண்டு சட்டமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இங்கே மூன்றாம் பகுதி, அங்கே மூன்றாம் அத்தியாயம். வழக்கு என்று இறங்கும்போதுதான் வேறு வீடு என்று தெரியும்.

கொழும்புக்கு ஓட உடனே முடியாதென்றால் ஒரு வழி இருக்கிறது. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு (புகார்) கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை அந்த ஒரு மாதத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. திருகோணமலையிலேயே அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. விசாரணை உண்மையிலேயே நிலுவையில் இருந்ததா என்று உயர் நீதிமன்றம் கேட்டு, இல்லையென்று மனுவைத் தள்ளிய தீர்ப்புகளும் உண்டு. நம் ஊர் மனித உரிமை ஆணையப் புகாருக்கும் ஹைகோர்ட் ரிட்டுக்கும் இப்படியொரு முடிச்சு இல்லை.

அத்தானுக்கு எந்த உரிமை மீறப்பட்டது? சித்திரவதைக்கு எதிரான உரிமை இலங்கையில் 11-வது உறுப்புரையாகத் தனியாகவே நிற்கிறது. நம் அரசியல் சட்டத்தில் ‘சித்திரவதை’ என்ற சொல்லே கிடையாது. 21-வது பிரிவிலிருந்துதான் நீதிமன்றங்கள் அதை எடுத்துத் தந்தன. அங்கே 1994-இல் இருந்து சித்திரவதையைக் குற்றமாக்கும் தனிச் சட்டமும் இருக்கிறது, இங்கே அதுவும் இல்லை. இன்னொரு பக்கம், உயிர் வாழும் உரிமை நம்மிடம் எழுத்தில் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. காவலில் இறந்த ஒருவருடைய மனைவி போட்ட வழக்கில், 2003-இல்தான் அவர்கள் நீதிமன்றம் அதை மற்ற உறுப்புரைகளுக்குள்ளிருந்து வாசித்து எடுத்தது. 24 மணி நேரத்துக்குள் நீதவான் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்பதும் அப்படித்தான்: நமக்கு அரசியல் சட்டத்திலேயே, 22-வது பிரிவில். அவர்களுக்கு 13-வது உறுப்புரை நீதவான் முன் கொண்டுபோகச் சொல்லும், மணிக்கணக்கு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் இருக்கும். இரண்டு ராத்திரி என்பது பெரும்பாலும் 24 மணியைத் தாண்டியிருக்கும். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் அத்தான் இப்போதே எழுதி வைக்கட்டும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்திருந்தால் கதை வேறு. அந்தச் சட்டமே செல்லாது என்று அங்கே வழக்குப் போட முடியாது. மசோதாவாக இருக்கும்போது மட்டும்தான் எதிர்க்கலாம், சட்டமான பிறகு நீதிமன்றம் தொடாது. இங்கே 13-வது பிரிவை வைத்து எந்தச் சட்டத்தையும் எப்போது வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். நீங்கள் சொல்வது சாதாரணத் திருட்டு விசாரணை என்பதால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

யார் மனு போடுவது? அத்தான்தான், அல்லது அவர் சார்பாக ஒரு சட்டத்தரணி, அதாவது வக்கீல். நீங்களோ அக்காவோ அவருக்குப் பதிலாகப் போட முடியாது. அக்காவின் பாஸ்போர்ட் இதில் தடையே இல்லை. 11, 13 இரண்டும் எந்த நாட்டவருக்கும் பொருந்தும். பேச்சு, தொழில், நடமாட்டம் பற்றிய 14-வது உறுப்புரைதான் நம் 19-வது பிரிவு போலக் குடிமக்களுக்கு உரியது. அவர் வீட்டுக்கு வந்தபோது என்ன காயம் இருந்தது என்று அக்கா சாட்சி சொல்லலாம். நாம் பிரமாணப் பத்திரம் என்பதை அங்கே சத்தியக் கடதாசி என்பார்கள், சட்டத்தரணி அந்தப் பெயரில்தான் கேட்பார்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்காமல் விட்டீர்கள். ‘நீதியும் நியாயமுமான’ எந்த நிவாரணமும் தரலாம், நஷ்ட ஈட்டை அதிகாரி தன் சொந்தப் பணத்திலிருந்து கட்டும்படியும் உத்தரவிடலாம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு பற்றிய மனுக்களில், 2023 ஜனவரியில், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையே 10 கோடி இலங்கை ரூபாய் கட்டச் சொன்னார்கள். காலத்தைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அதே 126 சொன்னாலும், வருடக்கணக்கில் ஓடுவது சாதாரணம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: காயம் ஆறுவதற்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை. அதே நாளில் திருகோணமலை ஆணைக்குழு அலுவலகத்தில் எழுத்து மூலம் முறைப்பாடு, கையோடு முறைப்பாட்டு எண். அந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் முடிவதற்குள் கொழும்பில் இந்த வழக்குகளை நடத்தும் சட்டத்தரணியைப் பார்க்கச் சொல்லுங்கள்.