கேள்வி பதில்: ராட்சத மிருகப் படத்துப் பையனை மறுபடி பார்க்கப் போகிறேன்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பால்மரம் சீவியவர்களின் மகன். சின்ன வயதில் டவுன் தியேட்டரில் முன்வரிசையில் உட்கார்ந்து ஜப்பான்காரர்களின் ராட்சத மிருகப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன். சில வருடங்களுக்கு முன் சிகாகோவில் இருக்கும் மகளிடம் போயிருந்தபோது, பக்கத்தில் ரோஸ்மாண்டில் நடக்கும் ஜி-ஃபெஸ்ட் ரசிகர் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். அந்தப் படங்களில் சிறுவனாக நடித்த ஒருவர் வந்திருந்தார். அன்பாகப் பேசினார், எங்கள் தோட்டத்தைப் பற்றியும் விசாரித்தார். வருகிற ஜூலையில் அவர் மறுபடி வருகிறாராம். என்னை ஞாபகம் வைத்திருப்பாரா? என்ன பேசுவது, என்ன கொண்டுபோவது?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தயங்காமல் போய் வாருங்கள். முகம் ஞாபகம் இருக்குமா என்றால், இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரிக் கூட்டத்தில் ஒருவர் நாள் முழுக்க நூற்றுக்கணக்கான பேரிடம் கை குலுக்குகிறார். அதனால் “என்னைத் தெரிகிறதா?” என்று கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். போன தடவை எடுத்த படம் கையில் இருந்தால் அதை நீட்டி, பெயரையும் ஊரையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த ஆள் என்றதும் பிடிபட்டுவிடும் என்று நினைக்கிறேன்.

என்ன பேசுவது என்பதுதான் முக்கியம். அந்த மிருகம் எப்படி இருந்தது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆனால் பெரும்பாலான காட்சிகளில் பையன் மிருகத்தைப் பார்த்திருக்கவே மாட்டான். ரப்பர் உடைக்குள் ஆள் நின்று குட்டிக் கட்டடங்களை நொறுக்குவதை ஒரு குழு தனியாக எடுக்கும், மனிதர்கள் வரும் பகுதியை வேறு குழு எடுக்கும், காட்ஸில்லா படங்களை எடுத்த தோஹோ கம்பெனியில் வெகுகாலம் முதல் வேலை எய்ஜி சுபுராயாவுடையது, இரண்டாவது பெரும்பாலும் இஷிரோ ஹோண்டாவுடையது. பையன் வெறும் வெளியை அண்ணாந்து பார்த்துக் கத்த வேண்டும். அந்த வயதில் எதைப் பார்த்துப் பயந்தார், எங்கே பார்க்கச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்துக்கு எப்போது போனார், வசனத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றெல்லாம் கேளுங்கள். படத்தைப் பற்றி நீங்கள் நினைவில் வைத்திருப்பதும் அவர் சொல்வதும் வேறுபட்டால் திருத்தப் போகாதீர்கள், அங்கே நின்றவர் அவர். அப்புறம், அந்த ஒரு படத்தோடு அவர் வாழ்க்கை நின்றுபோய்விடவில்லை. பிற்பாடு என்ன செய்தார் என்றும் கேளுங்கள், அதை யாராவது கேட்கமாட்டார்களா என்று அவர் காத்திருக்கவும் கூடும்.

கொண்டுபோக ஈப்போ புந்தோங்கில் நல்ல கச்சாங் பூத்தே (வறுத்த, பொரித்த கடலை வகைகள்) வாங்கிக்கொள்ளுங்கள், கெடாது. அமெரிக்காவில் இறங்கும்போது உணவுப் பொருள் இருக்கிறது என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். உங்கள் லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) பழைய படம் இருந்தால் ஒரு பிரதி எடுத்து, பின்பக்கம் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுங்கள். கையெழுத்துக்குச் சில விருந்தினர்கள் காசு வாங்குவது அங்கே வழக்கம், முன்கூட்டியே விசாரித்துவிட்டால் மனவருத்தம் வராது.

கேள்வி: அந்தப் படங்களில் ஏன் எப்போதும் ஒரு சின்னப் பையன் வந்துகொண்டே இருக்கிறான்?
– மேலே கேட்டவரின் பள்ளித் தோழர், அதே ஊர்

பதில்: எப்போதும் இல்லை. 1954-இல் வந்த முதல் காட்ஸில்லா அணுகுண்டின் வலியைச் சுமந்த பெரியவர்களின் படம். 1965-இல் தையேய் கம்பெனி கமேரா என்ற ராட்சத ஆமையைக் கொண்டுவந்தது, அதில் ஆமைமேல் பிரியம் வைத்த ஒரு பையன் இருந்தான். நோரியாகி யுவாசா இயக்கிய அடுத்தடுத்த கமேரா படங்களில் பிள்ளைகள்தான் நடுநாயகம்: 1967-இல் ஒரு பையன் ஆமையின் முதுகில் சவாரி போகிறான், 1968-இல் ஒரு ஜப்பான் பையனும் ஒரு அமெரிக்கப் பையனும் சேர்ந்து வேற்றுக் கிரகவாசிகளிடம் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் நம்பாததைப் பிள்ளைகள் நம்புவார்கள், கடைசியில் பிள்ளைகள் சொன்னதே சரியாக இருக்கும்.

எனக்கு மிகவும் நெருக்கமானது 1969-இல் ஹோண்டா இயக்கிய ‘ஆல் மான்ஸ்டர்ஸ் அட்டாக்’ படம். கவாசாக்கியின் தொழிற்சாலைப் பகுதியில் இச்சிரோ என்று ஒரு பையன். அப்பா ரயில் ஓட்டுகிறார், அம்மாவும் வேலைக்குப் போகிறார். சாவியோடு தனியாக வீட்டுக்கு வரும் பிள்ளை, தெருப் பையன்களின் தொல்லை தாங்காமல் கனவில் மிருகத் தீவுக்குப் போய் காட்ஸில்லாவின் மகனிடம் தைரியம் கற்கிறான். விடியுமுன் அப்பா அம்மா பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்விட, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலும் லயத்து வாசலிலும் வளர்ந்த நமக்கு அந்தப் பையனை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தீவுச் சண்டைகளில் பெரும்பகுதி பழைய படங்களிலிருந்து எடுத்து ஒட்டியது என்று பலர் இந்தப் படத்தைத் திட்டுவார்கள். திட்டட்டும், அந்த வீட்டின் தனிமையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய ராட்சத மிருகப் படம் வேறில்லை என்பேன்.

கேள்வி: பேரப்பிள்ளைகளுக்கு முதலில் எதைக் காட்டலாம்?
– அவரே

பதில்: இச்சிரோவின் படத்தையே. சுமார் 70 நிமிடம்தான், பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள். கமேரா படங்களில் மிருகங்கள் ஒன்றையொன்று வெட்டிக் குத்தி ரத்தம் சிந்தும் காட்சிகள் உண்டு, கொஞ்சம் வளர்ந்தபின் போடுங்கள். 1954 படத்தை அவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், ஹிரோஷிமாவைப் பற்றிச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.