கேத்தரின் லெராயின் படங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போர்ப் புகைப்படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் பிரெஞ்சுக்காரரான கேத்தரின் லெராய்க்கு ஒரு வரிதான் கிடைத்தது. தேடினால் எங்கு பார்த்தாலும் அவர் பாராசூட்டில் குதித்த கதையே வருகிறது. துணிச்சலுக்காகத்தான் அவரை நினைவில் வைத்திருக்கிறார்களா? படங்களும் அந்தத் தரம்தானா?

க.

அன்புள்ள க.,

படங்கள்தான் முதன்மை. பாராசூட் கதை அவற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்பதே என் ஆதங்கம்.

கதை பொய்யில்லை. 1966இல் 21 வயதில், ஒரு லைக்கா கேமராவோடும் கொஞ்சம் டாலரோடும், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த சைகோனில் போய் இறங்கினார். திரும்பிவர டிக்கெட் இல்லை, அனுப்பிவைத்த பத்திரிகையும் இல்லை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு படத்துக்கு 15 டாலர் கொடுத்தது. ஐந்தடி உயரம், நாற்பது கிலோகூடத் தேறாத உடம்பு. பிரான்ஸிலேயே குதிக்கப் பழகியிருந்ததால் 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் 173ஆவது பாராசூட் படையணியோடு போர்க்களத்தில் குதித்தார்.

அதை அங்கேயே விட்டுவிட்டு, அதே ஆண்டு கே சான் அருகே 881ஆம் குன்றில் அவர் எடுத்ததைப் பாருங்கள். குண்டுபட்டுக் கிடக்கும் அமெரிக்க மரைன் படை வீரர் ஒருவர், அவர்மேல் குனிந்திருக்கும் மருத்துவ உதவியாளர். ஒரு படத்தில் காயத்துக்குக் கட்டுப்போட முயல்கிறார். அடுத்ததில் நெஞ்சில் காதை வைத்துத் துடிப்பைத் தேடுகிறார். அதற்கடுத்து முகத்தை நிமிர்த்துகிறார். பின்னால் முறிந்து மொட்டையான மரங்கள். கேமரா தரையோடு தரையாக, அவர்கள் மட்டத்திலேயே இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது அங்கே வீரம் இல்லை, ஒருவர் இன்னொருவரை இழப்பது மட்டும் இருக்கிறது.

சில வாரங்களில் மோர்ட்டார் குண்டுச் சிதறல்கள் லெராயின் உடம்பெங்கும் தைத்தன. தேறி மறுபடி களத்துக்கே போனார். 1968இல் வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டி வட வியட்நாம் தரப்பு தொடுத்த டெட் தாக்குதலின்போது ஹுவே நகரில் வட வியட்நாம் படையிடம் சிக்கினார். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் என்று விளக்கி விடுதலை பெற்றதோடு, பிடித்தவர்களையே படமெடுத்துக்கொண்டு வந்தார். அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகை அதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. அதுவரை அமெரிக்க வாசகருக்கு எதிரி என்றால் காட்டுக்குள் மறைந்திருக்கும் யாரோ. இப்போது இளம் பையன்களின் முகங்கள். அவர் செய்ததிலேயே இதுதான் பெரிது என்பேன்.

பிறகு லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் தெருச் சண்டைகளைப் படமெடுத்தார், 1976இல் துணிச்சலான புகைப்படச் செய்திக்கான ராபர்ட் காப்பா தங்கப் பதக்கம் பெற்றார், 1982இல் இஸ்ரேலின் மேற்கு பெய்ரூட் முற்றுகையைப் படமெடுத்தார். 2006இல் கலிஃபோர்னியாவில் புற்றுநோயால் இறந்தார்.

குன்றின் படங்களை வரிசையாகப் பாருங்கள். நிமிர்ந்த முகத்தை மட்டும் பல இடங்களில் தனியாக அச்சிடுகிறார்கள். காதை வைத்துக் கேட்கும் படம் அதற்கு முன்னால் இருந்தாக வேண்டும்.