துண்டு கட்டினால் கல்தூசி நிற்குமா?

பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் பல வருடமாக கிரானைட் பட்டறையில் கட்டிங், பாலிஷ் வேலை பார்க்கிறார். ராயக்கோட்டை மலைக்கு நிற்காமல் ஏறிய மனுஷனுக்கு இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமலும் மாதக்கணக்கில் விடவில்லை. முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறார், தூசி போய்விடும் என்று சாயங்காலம் வெல்லம் சாப்பிடுகிறார், பீடியும் உண்டு. "தண்ணி விட்டுத்தான் அறுக்கிறோம், தூசியே கிடையாது" என்கிறாராம். இருமினால் தூசி வெளியே வந்துவிடாதா, எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டுமா என்பது அவர் கேள்வி.

எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போடாமல் இந்த வாரமே. ஏன் என்று புரியவேண்டுமென்றால் காற்று உள்ளே போகிற வழியைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

மூக்குக்குள் இரண்டு பக்கச் சுவரிலும் மடிப்பு மடிப்பாக எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் ஈரமான சவ்வு. காற்று இதில் மோதி, சூடாகி, ஈரமாகித்தான் உள்ளே போகும். பெரிய தூசியெல்லாம் இங்கேயே ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்து முகம் கழுவும்போது மூக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் வருகிறதே, அது இப்படி மாட்டிய தூசி. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும் என்றால், கல் பலகையைத் தள்ளித் தூக்கும்போது அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும், மூக்கு பத்தாமல் வாயைத் திறந்துவிடுவோம், வாயில் இந்த வடிகட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது.

குரல்வளையைத் தாண்டினால் மூச்சுக்குழாய், 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். அதற்குப் பின்னாலேயே ஒட்டினாற்போல் உணவுக்குழாய் தனியாக இறங்குகிறது. வெல்லம் போவது அந்த வழியில். சாப்பிடட்டும், தப்பில்லை, ஆனால் வெல்லமோ வாழைப்பழமோ நுரையீரலுக்குள் போய்த் தூசியை வழித்துக்கொண்டு வராது. அதை நம்பி மாஸ்க்கை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி பிரிந்து, கிட்டத்தட்ட 23 முறை பிரிந்துகொண்டே போகிறது. குழாய்களின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள், அவற்றின்மேல் மெல்லிய சளிப்படலம். காற்றடிக்கும் கேழ்வரகுக் கொல்லை மாதிரி அந்த இழைகள் ஒரே திசையில் சாய்ந்து நிமிர்ந்து, தூசி ஒட்டிய சளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டைக்கு ஏற்றும். இருமித் துப்புவது இந்தச் சளியைத்தான். பீடிப் புகை முதலில் முடக்குவது இந்த இழைகளை. கல் வேலை பார்ப்பவர் பீடி குடிப்பது, இருக்கிற ஒரே துப்புரவு ஆளையும் வேலையைவிட்டு நிறுத்துவதற்குச் சமம், இதை அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள்.

குழாய்கள் முடிகிற இடத்தில் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. சுமார் 30 கோடிக்கும் மேல், ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. நுண்ணறைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான கனம் என்பதால்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகவும் கரியமில வாயு வெளியேறவும் முடிகிறது. இங்கே மயிரிழை கிடையாது. காவலுக்கு இருப்பவை தூசியை விழுங்கும் செல்கள் மட்டும்.

கிரானைட்டில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது, அது சிலிக்கா. அறுக்கும்போது வரும் துகளில் சுமார் 5 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை நுண்ணறைவரை போய்விடும். வெயில் கீற்றில் பறப்பதாக நாம் பார்க்கும் தூசி பெரும்பாலும் இதைவிடப் பெரியது, நுரையீரலைக் கெடுப்பதோ கண்ணுக்குத் தெரியாதது. விழுங்கிய செல்லால் சிலிக்காவைச் செரிக்க முடியாது, அது செத்துவிழும், துகள் வெளியே வரும், இன்னொரு செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு முறையும் அந்த இடம் புண்ணாகித் தழும்பாகிறது. தழும்பு ஏறிய நுரையீரல் விரியாது, அதனால்தான் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பை மறையவைக்கும் மருந்து இல்லை, வேலையை விட்ட பிறகும் அது வளரலாம். உங்கள் வீட்டுக்காரருக்கு இதுதான் என்று பார்க்காமல் சொல்லமாட்டேன், ஆஸ்துமாவாகவோ பீடியால் வந்த சிக்கலாகவோ காசநோயாகவோகூட இருக்கலாம்.

தண்ணீர் விட்டு அறுப்பது தூசியை நிறையவே குறைக்கும், சரிதான். ஆனால் தரையில் காய்ந்துபோன சேற்றைக் கூட்டும்போது, ஓரம் தேய்க்கக் கை கிரைண்டரை உலர்வாக ஓட்டும்போது, கிளம்பும் நேரத்தில் கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்ளும்போது எல்லாத் தூசியும் திரும்ப எழும்பும். அந்தக் கம்ப்ரசர் பழக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கல்லைப் பொறுத்தும் வித்தியாசம் உண்டு: கறுப்பு கிரானைட் என்று விற்கும் கல்லில் குவார்ட்ஸ் குறைவு, பாரடைசோ மாதிரி நிறக்கற்களில் அதிகம்.

துண்டின் நூல் இடைவெளி இந்தத் துகளுக்கு வாசல் மாதிரி, ஈரத்துண்டும் அப்படியே. நுண்துகளை வடிகட்டும் என்95 மாஸ்க் வேண்டும், கன்னத்திலும் தாடையிலும் இடைவெளி இல்லாமல் படியவேண்டும், தாடி இருந்தால் படியாது. நனைந்தாலோ மூச்சு இழுக்கச் சிரமமானாலோ மாற்றிவிடவேண்டும்.

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, எது பக்கமோ அங்கே நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். என்ன வேலை, எத்தனை வருடம், எந்தக் கல், உலர்வாகத் தேய்ப்பாரா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் வேலையைச் சொல்லாமல் காட்டினால் எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் என்றே முடிவு செய்துவிட வாய்ப்பு உண்டு. ஸ்பைரோமெட்ரி என்று ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள், நுரையீரல் எவ்வளவு காற்றைக் கொள்கிறது, எவ்வளவு வேகமாக விடுகிறது என்று அதில் தெரியும். சளிப் பரிசோதனையும் கட்டாயம், சிலிக்கா படிந்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு, அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

சிலிக்கோசிஸ் என்று உறுதியானால் அது சட்டப்படி தொழில்சார் நோய், இழப்பீடு கேட்க உரிமை உண்டு. எக்ஸ்ரே, சம்பளச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை எதையும் தொலைக்காதீர்கள்.

இதற்குள் சளியில் ரத்தம் தெரிந்தாலோ, மாலையில் காய்ச்சல் வந்தாலோ, உடம்பு இளைத்தாலோ வாரக்கடைசி வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள். வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறவிடாதீர்கள், வாசலிலேயே கழற்றி நேராகத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.