தீபாவளிக்கு ரசமா?

கேள்வி: ஒவ்வொரு தீபாவளிக்கும் கணவர் வழிச் சொந்தம் பதினெட்டுப் பேர் எங்கள் நான்கறை வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். போன வருடம் பிரியாணி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், கோழி, மீன், சைவக்காரர்களுக்குத் தனிக் கறிகள், பாயசம் என்று பதினோரு வகை செய்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவள், மாலை நாலரைக்குத்தான் சாப்பிட்டேன். கணவர் நன்றாகவே உதவி செய்கிறார். வெளியில் ஆர்டர் கொடுக்கலாம் என்றால், "நல்ல நாளில் கடைச் சாப்பாடா?" என்கிறார் மாமியார். அலுப்பில்லாமல் விருந்து வைக்க வழி உண்டா?
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் பதினோரு வகையின் பெயரும் இருக்கிறது. யார் எதை மெச்சினார்கள், எந்த நாத்தனார் எதில் உப்பு கூட என்றார் என்பதும் இருக்கிறது. நாலரை மணிக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பது மட்டும் இல்லை.

எனக்கு அது தெரியும். என் சித்தியைப் பார்த்து வளர்ந்தவன் நான். மூன்று பந்தி முடிந்த பிறகு, பிரியாணிச் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டி, தட்டில்கூடப் போடாமல் சட்டியிலிருந்தே சாப்பிடுவார். பாத்திரம் கழுவும் தொட்டியோரம் ஒரு காலில் நின்று, மறு காலை ஆற்றிக்கொள்வார். கூடத்திலிருந்து "சாப்பாடு பிரமாதம்" என்று குரல் வரும். அதுதான் அவருக்கு அன்றைய கூலி.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பொது விடுமுறை ஞாயிறில் வந்தால் இங்கே மறுநாளும் விடுமுறை. ஆக, உங்களுக்கு ஒரு திங்கட்கிழமை இனாமாகக் கிடைக்கிறது. விருந்தைத் திங்கள் பகலுக்கு மாற்றுங்கள். ஞாயிறன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோயிலுக்குப் போய், அவரவர் வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிடட்டும். பதினெட்டுப் பேரும் தீபாவளி அன்றே உங்கள் கூடத்தில் உட்கார்ந்தாக வேண்டும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

நாள் மாறினால் சமையலும் தானாக மாறிவிடும். முதல் நாள் முழுக்கக் கறி, முறுக்கு, நெய் உருண்டை என்று தின்ற வயிறு மறுநாள் என்ன கேட்கும்? ரசம் கேட்கும். சோறு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு, ரசம், மோர், அப்பளம். முடிந்தது. அமாவாசையும் ஒட்டி வருவதால் விரதக்காரர்களுக்கும் தடையில்லை, சைவத்துக்குத் தனிச் சட்டி வைக்கும் வேலையும் இல்லை. பாயசம் வேண்டாம். எல்லார் வீட்டிலும் பலகாரம் டின் டின்னாகக் கிடக்கிறது, வருகிறவர்களும் ஆளுக்கு ஒரு டின் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள்.

"தீபாவளிக்கு ரசமா?" என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும். அவரே இரண்டாவது தடவை ஊற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

அடுத்தது அந்த "உதவி". வருகிறவர்கள் உங்கள் கணவருடைய அண்ணன், அவருடைய அக்கா, அவருடைய சித்தப்பா. விருந்து வைப்பவர் அவர். உதவி செய்வது நீங்கள். இதை எப்போது தலைகீழாக எழுதக் கற்றுக்கொண்டீர்கள்? வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு "வேறு என்ன செய்யணும்?" என்று வாசலில் நிற்பது உதவி. என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதுதானே பாதி வேலை, அதை உங்கள் தலையிலேயே விட்டுவிடுகிறார். அவரிடம் மூன்று வேலைகளை முழுசாக ஒப்படையுங்கள்: காய்கறி, சோறு, பாத்திரம்.

காய்கறியைச் சனிக்கிழமை காலையிலேயே தேக்கா சந்தையில் வாங்கிவிட வேண்டும். பண்டிகைக்கு முந்தின நாள் அங்கே நடக்க இடம் இருக்காதே என்றால், உங்கள் வட்டாரத்து ஈரச்சந்தையே போதும். திங்கள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட வேண்டாம், அன்று ஈரச்சந்தையில் பல கடைகள் அடைத்திருக்கும்.

சோற்றுக்குக் கணக்கு இருக்கிறது. குக்கரோடு வருகிற கப் 180 மில்லி, ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும், இரண்டு பேருக்குப் போதும். பதினெட்டுப் பேருக்கு ஒன்பது கப். 1.8 லிட்டர் குக்கரில் பத்துக் கப் போடலாம் என்றாலும், புழுங்கலரிசி தண்ணீர் அதிகம் கேட்கும், பொங்கி வழியும். ஆறு கப்பை அதில் வைத்துவிட்டு, மீதி மூன்றுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் சின்னக் குக்கர் ஒன்றை இரவல் வாங்கலாம். திருப்பித் தரும்போது முறுக்கு போட்டுக் கொடுப்பது வழக்கம்தானே.

மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் சொல்வது ஒரு வகையில் சரி, காரணம்தான் வேறு. இங்கே கேட்டரிங் சாப்பாட்டில் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று நேரம் போட்டிருக்கும், சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரம்தான். உங்கள் வீட்டிலோ ஒருவர் பன்னிரண்டுக்கு வருவார், இன்னொருவர் மூன்று வீடு பார்த்துவிட்டு மூன்றரைக்கு வருவார். பிரியாணி மேசையிலேயே காய்ந்துகொண்டிருக்கும். (வீட்டுச் சமையலுக்கும் அதே கடிகாரம்தான். புளிக்குழம்பு கொஞ்சம் பொறுக்கும், கூட்டு பொறுக்காது.) அதனால் கடைச் சாப்பாடு வேண்டாம் என்று அவர் கட்சியில் சேர்ந்துகொண்டு, "அத்தை, ரசம் உங்கள் கையால்தான்" என்று சொல்லுங்கள். அடுக்களையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ரசம் நுரை கட்டி விளிம்பில் எழும்பும் அந்த ஒரு நொடியில் அடுப்பை அணைக்க அவருக்குத் தெரியும், உங்களுக்கும் எனக்கும் அது கொதித்துத் தொலைந்துவிடும். அவர் வைத்த ரசத்தை அவர் முன்னால் குறை சொல்ல எந்த மகளுக்கும் வாய் வராது. இது கொஞ்சம் தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நாத்தனார்களுக்கு ஆளுக்கு ஒரு பொரியல். வாட்ஸ்அப்பில் "யார் என்ன கொண்டு வருகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், நாலு பேர் குலாப் ஜாமுனோடு நிற்பார்கள். இன்னாருக்குப் பீன்ஸ், இன்னாருக்கு உருளைக்கிழங்கு என்று பெயர் போட்டு அனுப்புங்கள்.

பந்தியையும் விட்டுவிடுங்கள். நான்கறை வீட்டில் பந்தி என்றால் மூன்று முறை இலை போட்டு, மூன்று முறை எடுத்து, மூன்று முறை தரை துடைப்பது. பெரியவர்கள் நாலு பேருக்கு மட்டும் மேசையில் வாழையிலை போடுங்கள், அது மரியாதை. மற்றவர்கள் தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சோபாவிலோ தரையிலோ உட்காரட்டும். பெரியவர்கள் உட்காரும்போதே நீங்களும் ஒரு தட்டோடு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் முள்மேல் இருப்பது போல இருக்கும். "மோர் எங்கே?" என்று ஒரு குரல் வரும். எழுந்திருக்காதீர்கள். உங்கள் கணவருக்கு ஃபிரிட்ஜ் இருக்கும் இடம் தெரியும்.

நவம்பர் 10ஆம் தேதி எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று மட்டும்.