சலவைத் துணியில் சிக்கிய தாதா

கேள்வி: மாஃபியா ஆட்கள் போலீஸ் ஒட்டுக் கேட்காமல் எப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்?
(வாசகர், காரைக்குடி)

பதில்: சரியான ஆளிடம்தான் கேட்டீர்கள். தந்தி ஆபீஸில் மோர்ஸ் சத்தம் கேட்டே 20 வருடம் ஓட்டியவன் நான். அடுத்தவர் சேதி என்றால் காது தானாக நீளும்.

சிசிலி மாஃபியா தலைவர் பெர்னார்டோ புரொவென்சானோ 1963-ல் தலைமறைவானவர். பிடிபட்டது 2006 ஏப்ரலில். நடுவே 43 வருடம்! போன் பக்கமே போகமாட்டார். டைப்ரைட்டரில் துண்டுச் சீட்டு அடிப்பார். 'பிட்சினி' என்பார்கள். பொடிசாக மடித்து, செலோடேப் ஒட்டினால், கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போகும். ஆட்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். மனிதர் ஆரம்பப் பள்ளியையே முடிக்காதவர், சீட்டு முழுக்க எழுத்துப்பிழை. கப்பக் கணக்கெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் 'ஆண்டவர் உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக' என்று முடிப்பார். என்ன பக்தி! ரகசிய எழுத்தும் உண்டு: ஏ என்றால் 4, பி என்றால் 5. ஜூலியஸ் சீசர் காலத்துச் சரக்கு. எட்டாம் வகுப்புப் பையன் உடைத்துவிடுவான்.

ஆனால் அவரை மாட்டிவிட்டது சீட்டு இல்லை, சலவைத் துணி. கொர்லியோனே ஊரில் மனைவி வீட்டிலிருந்து கிளம்பிய துணிப் பொட்டலம் யார் யார் கைக்குப் போகிறது என்று போலீஸ் பின்னாலேயே போனது. ஊருக்கு வெளியே ரிக்கோட்டா பாலாடைக்கட்டி செய்கிற ஒரு பண்ணை வீடு. கதவிடுக்கில் ஒரு கை நீண்டது. அவ்வளவுதான். உள்ளே டைப்ரைட்டரும் இருந்தது.

கேள்வி: ரகசிய செயலிகள் வந்தபின் சர்வதேசக் கடத்தல் கும்பல்களைப் பிடிக்கவே முடியாதாமே?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: யார் சொன்னது? 2020-ல் 'என்க்ரோசாட்' என்ற ரகசிய போனுக்குள் பிரெஞ்சு போலீஸ் புகுந்தது. அடுத்த மார்ச்சில் 'ஸ்கை' போனும் போச்சு. பதறிய கும்பல்கள் 'ஆனோம்' என்ற இன்னொரு போனுக்குத் தாவின. பார்த்தால் வெறும் கால்குலேட்டர், அதற்குள் செயலி ஒளிந்திருக்கும். தெரிந்த தாதா சிபாரிசு செய்தால்தான் கிடைக்கும். சந்தாவும் கொள்ளை. அப்படியும் 12,000 போன் போணியானது.

கடையை நடத்தியதே அமெரிக்கப் புலனாய்வுப் போலீஸான எஃப்.பி.ஐ.தான்! ஆஸ்திரேலிய போலீஸும் கூட்டு. 2 கோடியே 70 லட்சம் சேதிகளை உட்கார்ந்து படித்துவிட்டு, 2021 ஜூனில் ஒரே வீச்சில் 800 பேருக்கு மேல் அள்ளினார்கள். ஊரெல்லாம் கப்பம் வாங்கியவர்களிடம் போலீஸே சந்தா வாங்கியிருக்கிறது.

புரொவென்சானோவுக்கு டைப்ரைட்டர் ரிப்பன் செலவோடு போயிற்று.